அரை மணித்தியாலம்

சிலாவத்தை றோட்டில் மணல் டிப்பர்கள் ஓயும்வரை
மூடியைத் திறப்பதில்லை நான்.
ஈரப் பூச்சைக் கண்டால்
தூசிக்கு எங்கிருந்தோ உறவுமுறை வந்துவிடுகிறது.

ஏழு பொய்மீன்கள்.
உடம்பு முள்முருக்கு.
செதில், பால்மாப் பைக்கற்றின் உள்வெள்ளி.
முதுகுக்குப் பச்சை, வயிற்றுக்கு
சலூனில் மணப்பெண்களுக்குப் பூசி மிஞ்சிய இளஞ்சிவப்பு.
கண் கடைசியில்,
இமைக்கு மை தீட்டும் தூரிகையால்.

முதல்தடவை, நிறமில்லாத நகப்பூச்சைத்தான் நம்பினேன்.
மார்க்கர் மை கரைந்து
கண் கன்னத்துக்கு ஒழுகியது.
"பொம்பிளை மேக்கப்போட அழுத மாதிரிக் கிடக்கு"
என்றான் றெக்சன்.
என்றாலும் கட்டிக்கொண்டு போனான்.
நாயாற்று வாயில் இரண்டு எறிதல்.
மூன்றாவதில் மரம் உப்புத்தண்ணி குடித்து
வெறும் கட்டையாகத் திரும்பியது.

இப்போது இரண்டு போத்தல்.
இதில் பதினைந்து துளி, அதில் பதினைந்து துளி.
ஒன்று கூடினாலும் இறுகாது,
விரலில் பிசுபிசுத்தபடியே கிடக்கும்.
மெதுவாகக் கலக்கவேண்டும்.
கோபத்தோடு கலக்கினால் குமிழி.
அப்படி வந்த குமிழியை ஊதக்கூடாது.
கண்ணாடி துடைக்க விடுவோமே ஒரு மூச்சு,
அவ்வளவுதான், உடைந்துவிடும்.
தூண்டில் வளையம் அடைபடாமல் ஈர்க்குச் செருகி
தலையிலிருந்து வாலுக்கு, ஒரே இழுப்பு.

பூசுவது சின்ன வேலை.
அதன்பிறகு அரை மணித்தியாலம்
சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.
நின்றால் கீழே தொங்கித் துளியாகி
வயிற்றில் இன்னொரு வயிறு.
அதற்குத்தான், பழுதான மைக்றோவேவின்
தட்டுச் சுழற்றியைக் கழற்றி
றெஜிபோம் வட்டமும் தடியும் பூட்டித் தந்திருந்தான்.

ஏழாவதைக் குத்தி நிமிர, கரண்ட் போனது.

தடியைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.
உருட்டினேன்.
வாசலில் மோட்டார்சைக்கிள்.
செவ்வாய்க்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, கிழமைக்காசு."
வவுனியாப் பெடியன், டிலக்சன்.
ஹெல்மெற்றைக் கழற்றினால் கனநேரம் நிற்கவேண்டிவரும் என்று
கழற்றுவதேயில்லை.

"இதைப் பிடியுங்கோ தம்பி. நிப்பாட்டாதேங்கோ."

பிடித்தான். வேறென்ன செய்வான்?

உள்ளே சீனிப்பேணியில் ஆயிரம்,
கைப்பையில் நானூறு,
றெக்சனின் சட்டைப்பையில் செதிலோடு ஒட்டிய இருநூற்றைம்பது.
இன்னும் இருநூறு வேண்டும்.
இரண்டாம் தரமும் எண்ணினேன்.
எண்ணினால் கூடும் என்றில்லை,
வெளியே அவன் சுழற்றிக்கொண்டிருந்தான் என்பதால்.

"காய எவ்வளவு நேரம் அக்கா?"
"காயிறதுக்கில்லை. ஒழுகாமல் இருக்கிறதுக்கு."

கொஞ்சம் யோசித்தான்.
தன் ஹெல்மெற்றுக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினான்,
பரந்தன் தூசி உரசி உரசிப் புகார் மூடிய கண்ணாடி.
"இதுக்குப் பூசலாமோ?"
"பழைய கீறலை மறைக்கும் தம்பி.
புதுக்கீறலுக்கு உத்தரவாதம் இல்லை."
சிரித்தானா, தெரியவில்லை.

காசை எண்ணி
அட்டையின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினான்:
குறை 200.
கைதுடைக்க ஸ்பிரிட் கேட்டான். கொடுத்தேன்.
அவன் போய்க் கொஞ்சநேரத்தில் கரண்ட் வந்தது.

காலையில் பார்த்தேன்.
ஆறு மீன், தண்ணிக்குள் கிடப்பதுபோலத் தெளிவு.
ஐந்தாவதின் இளஞ்சிவப்பு வயிற்றில்
அவன் பெருவிரல்,
காய்ந்ததோ என்று தொட்டுப் பார்த்த ஒரு விரல்,
வரிவரியாக இறுகிக் கிடந்தது.

அவர்களிடம் என் கையெழுத்து ஐந்து இடத்தில் இருக்கிறது.

மண்கடதாசியால் உரசி
இன்னொரு கை பூசியிருக்கலாம்.
போத்தலைச் சரித்துப் பார்த்தேன்,
ஒன்றில் பதினொரு துளி.
மற்றதில் அதுவும் இல்லை.